சிசேரியனுக்குப் பிறகு மீண்டும் ட்ரையத்லன்: மலையகத்தில் இறக்கத்தைக் கடைசிக்கு வையுங்கள்

ஹட்டன் பக்கத்திலிருந்து ஒரு ஆசிரியை கேட்டிருக்கிறார். முதல் பிள்ளை, நான்கு மாதம், சிசேரியன். கல்யாணத்துக்கு முன் கொழும்பில் நடந்த 70.3 என்னும் அரைத்தூர ட்ரையத்லன் போட்டியை முடித்தவர். பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்போது மலேசியாவின் லங்காவியில் முழுத்தூர ஐயன்மேன் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. "வீட்டில் பச்சை உடம்பு, பச்சை உடம்பு என்று வாசலைத் தாண்ட விடுகிறார்கள் இல்லை. எப்போது ஓடத் தொடங்கலாம்? பால் வற்றிவிடுமா? ஒரு வருடம் காணுமா?" இவைதான் அவர் கேள்விகள்.

தங்கச்சி, நீங்கள் திரும்பிப் போகலாம். நன்றாகவே போகலாம். நான் பிசியோதெரபிஸ்ட். நீண்ட தூரப் போட்டிகளும் செய்திருக்கிறேன். பிள்ளை பெற்ற பிறகு திரும்பி வந்த பெண்களோடு வேலை செய்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்: பிள்ளைக்கு ஒரு வயதாகும்போது 70.3 செய்யுங்கள், முழுத்தூரத்தை அதற்கடுத்த வருடத்துக்கு வையுங்கள். முழுத்தூரம் என்றால் 3.8 கிலோமீற்றர் நீச்சல், 180 சைக்கிள், 42.2 ஓட்டம், 70.3 அதில் சரிபாதி. போட்டி நாளை எப்படியும் முடித்துவிடுவீர்கள். அந்த நாளுக்கு முந்திய ஆறு மாதம்தான் ஆளைத் தின்னும். வாரக் கடைசியில் ஐந்தாறு மணித்தியாலம் சைக்கிளில் இருக்க வேண்டும். இரவில் மூன்று தரம் எழும்பிப் பால் கொடுக்கிற உடம்பு அந்தப் பயிற்சியைத் தாங்கி, ஆறி, பலமாகிற நேரம் எங்கே?

முதலில் பச்சை உடம்பு. வீட்டில் பாட்டி சொல்வதைத் தட்டிவிடாதீர்கள். சிசேரியனில் வெட்டுப்படுவது தோல் மட்டும் இல்லை. வயிற்றுத் தசைகளைப் போர்த்தியிருக்கிற உறுதியான சவ்வையும், கருப்பையையும் வெட்டித் தைத்திருக்கிறார்கள். வெளியில் தழும்பு ஆறி வடுவாகிவிடும். உள்ளே அந்தச் சவ்வு ஆறாவது வாரத்தில் பழைய பலத்தில் பாதியைச் சற்றுத் தாண்டித்தான் இருக்கும். ஆறேழு மாதத்தில்தான் 73 முதல் 93 சதவீதம் வரை வருகிறது. சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும், சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்பின் அடித்தளத் தசைகள் ஓரளவு பழைய நிலைக்கு வர நான்கு முதல் ஆறு மாதம் எடுக்கும். ஆக, நான்கு மாதத்தில் உங்கள் உடம்பு உண்மையாகவே பச்சை உடம்புதான். ஒன்றில் மட்டும் பாட்டியோடு நான் ஒத்துப்போகமாட்டேன். தண்ணீர் அதிகம் குடிக்காதே, தையல் சீழ் வைக்கும் என்று சில வீடுகளில் சொல்வார்கள். பால் கொடுக்கும் தாய்க்குத் தாகம் எடுத்தால் குடிக்கத்தான் வேண்டும். பத்தியத்துக்கு அரைத்துக் கொடுக்கும் சரக்கைச் சந்தோஷமாகச் சாப்பிடுங்கள், பக்கத்தில் தண்ணீர்ப் போத்தலையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டத்துக்கு வருவோம். பிரசவத்துக்குப் பிறகு ஓடத் திரும்புவது பற்றி 2019 இல் பிரித்தானிய பிசியோதெரபிஸ்டுகள் மூவர் எழுதிய வழிகாட்டியைத்தான் இன்று உலகம் முழுக்க எங்கள் தொழிலில் எடுத்துப் பார்க்கிறோம். 12 வாரத்துக்கு முன் ஓட வேண்டாம் என்கிறது அது. 12 வாரம் முடிந்தாலும் கலண்டரைப் பார்த்து ஓடச் சொல்லவில்லை, உடம்பைச் சோதிக்கச் சொல்கிறது. வலியோ, கீழே பாரமோ, சிறுநீர்க் கசிவோ இல்லாமல் 30 நிமிடம் நடக்க முடியுமா? ஒற்றைக் காலில் 10 வினாடி நிற்க முடியுமா? ஒற்றைக் காலில் 10 தரம் குந்தி எழும்ப, நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் மெல்ல ஓட, முன்னே 10 தரம் தாவ, ஒவ்வொரு காலிலும் 10 தரம் நொண்டியடிக்க முடியுமா? பலத்துக்கும் சோதனை உண்டு. ஒற்றைக் குதிகாலை உயர்த்தி இறக்குவதும், ஒற்றைக் காலால் கதிரையிலிருந்து எழும்புவதும் ஒவ்வொரு பக்கமும் 20 தரம். உங்களைப் போல் முன்பு போட்டிக்குப் போன பெண்கள் மூச்சு வாங்காமல் இதற்குள் வந்து, குதிகாலில் பன்னிரண்டோடு நின்றுபோவதைக் கண்டிருக்கிறேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று அது காட்டித் தருகிறது.

அந்த வழிகாட்டியை எழுதியவர்களுக்கு எங்கள் பாதைகளைத் தெரியாது. உங்கள் வாசலிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். இதில் எது கஷ்டம் என்று கேட்டால் எல்லாரும் ஏற்றத்தைக் காட்டுவார்கள். நெஞ்சுக்கு அது சரி. பிள்ளை பெற்ற இடுப்புக்கு இறக்கம்தான் ஆபத்து. 2005 இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், 9 பாகைச் சரிவில் இறங்கி ஓடும்போது கால் நிலத்தில் மோதும் விசை சமதரையைவிட 54 சதவீதம் கூடியது. அதே சரிவில் ஏறி ஓடும்போது 39 சதவீதம் குறைந்தது. 9 பாகை என்பது எங்கள் தோட்டத்துக் குறுக்குப் பாதைகளில் சாதாரணம். அந்த மோதலை ஒவ்வொரு அடியிலும் வாங்கிக்கொள்வது இன்னும் தேறாத அடித்தளத் தசை.

அதனால் நான் கொடுக்கிற வரிசை இது. ஏறி நடங்கள், பஸ்ஸில் இறங்கி வாருங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். டிக்கோயா பக்கமிருந்து ஹட்டன் டவுன் வரை வேகமாக ஏறி நடந்தால் இதயத்துக்கு நல்ல பயிற்சி, மோதல் மிகக் குறைவு. திரும்பி வரப் பஸ் இருக்கிறது. இரண்டு மூன்று வாரம் இப்படி நடந்து ஒரு தொல்லையும் இல்லையென்றால் ஓட்டத்தைத் தொடங்கலாம், அதுவும் சமதரையில். மலையகத்தில் சமதரை தேடுவது லேசில்லை, ஆனால் நீங்கள் ஆசிரியை, பாடசாலை மைதானம் உங்களுக்கு இருக்கிறது. ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, மொத்தம் பத்து நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள். நுவரெலியாவுக்குப் போகிற நாளில் கிரகரி வாவிக் கரை இருக்கிறது. நீர்த்தேக்கக் கரையோரப் பாதைகளும் ஓரளவு மட்டமாகவே போகும். நிற்காமல் 30 நிமிடம் சமதரையில் ஓடி, அடுத்த நாளும் உடம்பு அமைதியாக இருந்தால் ஏற்றத்தில் ஓடலாம். இறங்கி ஓடுவது எல்லாவற்றுக்கும் கடைசி. அதையும் முதலில் சின்னச் சரிவில், அடிகளைச் சின்னதாக வைத்து. எனக்குத் தெரிந்த பலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் நாளே உற்சாகத்தில் கீழே ஓடிவிட்டு, ஏற முடியாமல் நடந்து வருகிறார்கள்.

உடம்பு அமைதியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஓடும்போதும் அதற்குப் பிறகு ஒரு நாள் முழுக்கவும் மூன்றைக் கவனியுங்கள். இருமினாலோ குதித்தாலோ சிறுநீர் கசிகிறதா? கீழே ஏதோ இறங்கி நிற்பதுபோல் பாரமாக இருக்கிறதா? இடுப்பிலோ தழும்பிலோ வலி உண்டா? ஒன்று இருந்தாலும் ஒரு படி பின்னுக்குப் போங்கள், குறையவில்லை என்றால் டொக்டரிடம் காட்டுங்கள். பிள்ளை பெற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சிறுநீர் கசிகிறது. இது பரவலான தொல்லை, சரியான பயிற்சியால் பெரும்பாலும் குணமாகக் கூடியது. சிசேரியன் என்றால் இந்தத் தொல்லை வராது என்று நினைக்க வேண்டாம். ஒன்பது மாதம் சுமந்த பாரம் எல்லாருக்கும் ஒன்றுதான். அடித்தளப் பயிற்சியை இன்றே தொடங்குங்கள். சிறுநீரையும் காற்றையும் ஒன்றாக அடக்குவதாக நினைத்து உள்ளே மேலே இழுங்கள். 10 வினாடி பிடித்து முழுவதாக விடுங்கள், 10 தரம். பிறகு சட்டுச் சட்டென்று 10 தரம். ஒரு நாளைக்கு மூன்று வேளை. விடுவதும் பயிற்சியில் பாதி. எப்போதும் இறுக்கிக்கொண்டே இருப்பவர்களுக்கும் கசியும்.

வயிற்றையும் பாருங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் தூக்குங்கள். நடுக்கோட்டில் வயிறு கூரை முகடு மாதிரி எழும்பி நின்றால் இரண்டு பக்கத் தசைகளும் இன்னும் விலகியிருக்கின்றன. அந்த நிலையில் எழும்பி உட்காரும் வயிற்றுப் பயிற்சிகள் வேண்டாம். சைக்கிளில் முன்கைகளை ஊன்றிப் படுத்து ஓட்டும் நிலையும் கொஞ்சம் பொறுக்கட்டும்.

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. எங்கள் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குப் பிரசவ லீவு 84 நாள். 2018 இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் மூன்றாவது பிள்ளைக்கும் அதே 84 நாள் கிடைக்கிறது. 84 நாள் என்றால் சரியாக 12 வாரம், அதிலும் இரண்டு வாரம் பிரசவத்துக்கு முந்திய காலத்துக்கு. விளையாட்டு வீராங்கனைக்கு "இனி மெல்ல ஒரு நிமிடம் ஓடிப் பாருங்கள்" என்று நாங்கள் சொல்லும் வாரத்துக்கு முன்பே, அவள் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, பாரத்தை நெற்றியில் மாட்டிக்கொண்டு செங்குத்தான மலையில் ஏறி இறங்குகிறாள். கீழே பாரமாக இருக்கிறது என்று நாற்பது வயதில் வரும் அம்மாமாரிடம் எப்போதிலிருந்து என்று கேட்டால், "கடைசிப் பிள்ளை பிறந்ததிலிருந்து, டொக்டரம்மா" என்கிறார்கள். அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நீங்கள் பயிற்சி பழகும்போது உங்கள் மாணவர்களின் அம்மாமாருக்கும் அந்த அடித்தளப் பயிற்சியைச் சொல்லிக்கொடுங்கள். அதற்குச் சப்பாத்தும் வேண்டாம், காசும் வேண்டாம்.

சைக்கிள். நான்கு மாதத்தில் தழும்பு நன்றாக ஆறியிருந்தால் வீட்டுக்குள் ட்ரெய்னரில் (சைக்கிளை நகராமல் பிடிக்கும் தாங்கியில்) பூட்டி மிதிக்க இன்றைக்கே தொடங்கலாம். மோதல் இல்லை, பிள்ளை அழுதால் இறங்கிவிடலாம், மழையும் மூடுபனியும் உங்களைத் தொடாது. சீட்டை முன்பைவிடக் கொஞ்சம் அகலமானதாகப் போட வேண்டியிருக்கலாம், ஹேண்டிலை உயர்த்திவிடுங்கள். ரோட்டுக்கு இறங்குவதற்கு முன் இன்னொன்றைப் பார்க்க வேண்டும், இதை அனேகம் பேர் மறந்துவிடுகிறார்கள்: மணிக்கட்டு. பிள்ளையைத் திரும்பத் திரும்பத் தூக்குவதால் பெருவிரலின் அடியில் தசைநார் வீங்கும். பெருவிரலை உள்ளங்கைக்குள் வைத்து மற்ற விரல்களால் மூடி, கையைச் சுண்டுவிரல் பக்கம் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். மணிக்கட்டின் பெருவிரல் பக்கம் சுள்ளென்று வலித்தால் அதுதான். இந்தக் கையோடு றம்பொடையிலிருந்து கீழே இறங்குவதை நினைத்துப் பாருங்கள். வளைவுக்கு வளைவு பிரேக்கை அழுத்திக்கொண்டே வர வேண்டும், எதிரே பஸ் நடு ரோட்டில் வரும், அந்த நேரத்தில் விரல் விட்டுப்போகக் கூடாது. அதற்கு மருந்து முதலில் தூக்கும் முறைதான். பெருவிரலை விரித்துக் கக்கத்தில் பிடித்துத் தூக்காமல், உள்ளங்கையைப் பிள்ளையின் இடுப்புக்கும் தலைக்கும் கீழே கொடுத்து அள்ளுங்கள். வலி தீரும்வரை நீண்ட இறக்கங்கள் வேண்டாம். இங்கேயும் அதே வரிசைதான், ஏற்றம் முந்தி, இறக்கம் பிந்தி.

நீச்சலைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. இரத்தப்போக்கு முற்றாக நின்று, தழும்பு மூடி, டொக்டர் சம்மதித்தால் நீந்தலாம். உங்கள் பிரச்சினை தூரம்தான். நல்ல தடாகத்துக்குக் கண்டிப் பக்கம் போய்வர ஒரு முழு நாள் போய்விடும். இந்த வருடம் மாதத்துக்கு இரண்டு தரம் போனால் போதும், மற்ற நாட்களில் ரப்பர் பட்டியை ஜன்னல் கம்பியில் கட்டித் தோளுக்கு இழுங்கள். பக்கத்தில் காசல்ரீயும் மவுசாகலையும் பரந்து கிடக்கின்றன என்பதற்காக அதில் இறங்காதீர்கள். அவை மின்சாரத்துக்காகத் தண்ணீர் எடுக்கும் நீர்த்தேக்கங்கள். மட்டம் ஏறி இறங்கும், கரை சேறு, தண்ணீர் குளிர், காப்பாற்ற ஆள் கிடையாது.

பால் வற்றுமா? அளவான பயிற்சியால் பாலின் அளவும் தரமும் குறைவதில்லை. உச்ச வேகத்தில் ஓடி முடித்த உடனே பாலில் லக்டிக் அமிலம் கொஞ்சம் கூடும், பிள்ளைக்கு அதனால் தீங்கில்லை. பால் குறைவதற்கு உண்மையான காரணம் சாப்பாடு போதாமல் போவது. பால் சுரப்பதற்கு மட்டும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடத் தேவை, பயிற்சிக்கானது அதற்கு மேல். ஒரு ரொட்டியும் சம்பலும் தின்றுவிட்டு இரண்டு மணித்தியாலம் சைக்கிள் மிதிக்க முடியாது. கௌப்பி, கடலை, பருப்பு, முட்டை, நெத்தலி, முருங்கைக்கீரை எல்லாம் கடையிலும் தோட்டத்திலும் இருக்கின்றன. கிளினிக்கில் திரிபோஷா சத்துமா கிடைத்தால் அதை வீட்டில் எல்லாருக்கும் பங்கு போடாமல் நீங்களே சாப்பிடுங்கள். பால் கொடுத்துவிட்டுப் பயிற்சிக்குப் போங்கள், மார்பை அளவுக்கு மீறி இறுக்கும் உடுப்பு வேண்டாம். நேரம் தவறிப் பால் கட்டி, மார்பு சிவந்து காய்ச்சல் வந்தால் அன்றே டொக்டரிடம் போங்கள். பீய்ச்சிய பால் 25 பாகைக்குக் கீழ் நான்கு மணித்தியாலம் வரை வெளியில் தாங்கும், குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாள். எங்கள் குளிர் இங்கே உங்களுக்கு உதவி, உங்கள் குசினி பெரும்பாலும் அந்த 25 பாகையைத் தொடாது.

இரும்புச்சத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிரசவத்தில் இரத்தம் போயிருக்கிறது. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேல், நுவரெலியா 1,868 மீற்றர். உயரத்தில் வாழ்பவர்களுக்கு ஹீமோகுளோபின் சற்றுக் கூடவே இருக்க வேண்டும், அதனால் கொழும்பு அளவுகோலில் "பரவாயில்லை" என்கிற எண் எங்களுக்குக் குறைவாக இருக்கக் கூடும். ஏற்றத்தில் மூச்சு முட்டினால் பயிற்சி விட்டுப்போனதுதான் காரணம் என்று முடிவு கட்டாமல் இரத்தத்தைச் சோதியுங்கள், தைரொய்டையும் சேர்த்து. சாப்பிட்ட கையோடு சாயத்தண்ணி குடிக்கும் பழக்கம் எங்கள் எல்லாருக்கும் உண்டு. தேயிலை, சாப்பாட்டிலுள்ள இரும்பையும் கிளினிக் மாத்திரையையும் உடம்பில் சரியாகச் சேர விடாது. ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். எலும்பும் அப்படித்தான்: பால் கொடுக்கும் காலத்தில் எலும்பின் அடர்த்தி சில சதவீதம் குறைந்து, பால் மறந்த பிறகு திரும்பி ஏறும். அந்த இடைவெளியில் ஓட்டத் தூரத்தைத் திடீரென்று கூட்டினால் எலும்பில் நுண்வெடிப்பு வரலாம். முழுத்தூரத்தை அடுத்த வருடத்துக்கு வையுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் பெரிய காரணம்.

சுவிற்சர்லாந்தின் நிக்கோலா ஸ்பிரிக் 2012 இல் லண்டனில் ஒலிம்பிக் தங்கம் வென்று, 2013 இல் தாயாகி, 2016 இல் ரியோவில் வெள்ளி வென்றார். மூன்று பிள்ளைகளின் தாயாக டோக்கியோவில் ஆறாவதாக வந்தார். அமெரிக்காவின் செல்சி சொடாரோ மகள் பிறந்து 18 மாதத்தில், 2022 இல், ஹவாயில் உலக ஐயன்மேன் பட்டத்தை 8 மணி 33 நிமிடத்தில் வென்றார். இருவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். அதோடு இதையும் சேர்த்து நினையுங்கள்: சொடாரோ பிரசவத்துக்குப் பின் கடும் மனப்பதற்றத்தில் தவித்ததையும், சிகிச்சை எடுத்ததையும் வெளிப்படையாகச் சொன்னவர். காரணமில்லாத அழுகை, பிள்ளைக்கு ஏதோ ஆகிவிடும் என்று விடாமல் சுற்றும் நினைப்பு, பிள்ளை தூங்கியும் தூக்கம் வராமை இவை இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் உண்டு, தமிழிலும் இருக்கிறது. ஓடினால் சரியாகிவிடும் என்று நம்பி அதைத் தள்ளிப்போடக் கூடாது. இரவு தூக்கம் உடைந்த நாளில் கடினப் பயிற்சியை விட்டுவிட்டு, கிடைத்த நேரத்துக்குத் தூங்குங்கள்.

அப்படியானால் உங்கள் வருடம் எப்படிப் போகும்? ஆறாம் மாதம் வரை ஏறி நடை, ட்ரெய்னர், பலப் பயிற்சி, மைதானத்தில் நடை ஓட்டம். ஆறிலிருந்து ஒன்பது வரை ஓட்டம் மெல்ல நீளும், சைக்கிள் ரோட்டுக்கு வரும். பிள்ளை சோறு தின்னத் தொடங்குவதால் நீங்கள் வெளியில் இருக்கக் கூடிய நேரமும் கூடும். கடைசி மூன்று மாதம்தான் போட்டிப் பயிற்சி. கிட்டத்தில் 70.3 என்றால் கோவாவைப் பாருங்கள். கடைசி ஆண்டுகளில் அது ஒக்டோபர், நவம்பர் பக்கமே நடந்திருக்கிறது. மலையில் பழகிய உடம்புக்கு அங்கே வெயிலும் புழுக்கமும்தான் எதிரி. வெக்கைக்கு உடம்பு பழகப் பத்து முதல் பதினான்கு நாள் வேண்டும். நீர்கொழும்பிலோ கொழும்பிலோ உறவுக்காரர் வீடு இருந்தால் பிள்ளையையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு முந்தியே இறங்கிவிடுங்கள். கடலிலும் நீந்திப் பழகிவிடலாம், கரையிலிருந்து பார்க்க ஒருவர் இருக்கும்போது மட்டும்.

லங்காவிக்கு இப்போது காசு கட்ட வேண்டாம். கோவா முடிந்து, பால் மறந்து, மாதவிடாய் ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகு கட்டுங்கள். மாதவிடாய் வராமலே இருப்பது பால் கொடுப்பதாலா, சாப்பாடு போதாததாலா என்று பால் நிற்கும்வரை பிரித்துச் சொல்வது கஷ்டம். ஏற்கெனவே கட்டியிருந்தால் ஏற்பாட்டாளர்களுக்கு எழுதிக் கேளுங்கள். ஐயன்மேன் போட்டிகளில் கர்ப்பம் காரணமாகப் பதிவைத் தள்ளிவைக்கும் வழி இருக்கிறது. இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு. கிளினிக்குக்குப் போகும்போது ஹீமோகுளோபின் சோதனைக்கு எழுதி வாங்குங்கள். வீட்டில் அந்தக் குதிகால் சோதனையை இரண்டு காலிலும் செய்து, எத்தனையில் நிற்கிறது என்று எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்து முதல் ஆறு வாரத்துக்கான பயிற்சியைப் போட்டுத் தருகிறேன்.